ஆணைக்குப் பணிவதும் அறத்துக்குப் பணிவதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் குடிமக்களின் கடமையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சட்டத்தை மதித்து நடக்க வேண்டியதன் தேவையைக் கட்டுரையாளர் தெளிவாக எடுத்துரைத்திருந்தார்; அதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால், அரசின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் அராஜகவாதிகள் எந்தக் கடமைக்கும் கட்டுப்படாதவர்கள் என்று ஒரே வரியில் ஒரு நீண்ட சிந்தனை மரபை அவர் தள்ளிவிட்டுப் போனது முறையன்று. இடைநிலைப் பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குச் சற்று விரிவாகப் பதில் எழுத அனுமதி கோருகிறேன். நான் அராஜகவாதி அல்லன் என்பதையும், கட்டுரையாளருக்கு அந்த ஐயம் எழுமுன்பே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் எழுப்பும் கேள்வி எளிமையானது, விடைதான் எளிதன்று. என்னைச் சிறையில் அடைக்கவும், எனக்கு அபராதம் விதிக்கவும் அரசுக்கு வலிமை இருக்கிறது என்பதை எவரும் மறுக்கவில்லை. எனக்கு ஆணையிடும் உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது, ஆணை என்ற ஒரே காரணத்துக்காக அதற்குப் பணியும் அறக்கடமை என் தலையில் எப்படி ஏறியது என்பதே கேள்வி. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் பால் உல்ஃப் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இதைக் கூர்மையாக வைத்தார். மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. பொறுப்பாளி என்றால், செய்யப்போவது சரியா தவறா என்று ஆராயும் வேலையை அவன் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதிகாரமோ, என்ன சொல்லப்பட்டது என்பதைப் பாராமல் யார் சொன்னார் என்பதை மட்டும் பார்த்துப் பணியச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒத்துப்போகா என்பதே உல்ஃப் கண்ட முடிவு. இதைக் கேட்டவுடன், அப்படியானால் எல்லாச் சட்டத்தையும் மீறலாமா என்று சிலர் பதறுவார்கள். கொலை செய்யாதே என்று சட்டம் சொல்வதால்தானா நாம் கொலை செய்யாமல் இருக்கிறோம்? அந்தச் சட்டப் பிரிவை நாளையே நீக்கினாலும் நம் கை நீளாது. சட்டம் விதிக்கும் பெரும்பாலான கடமைகள் சட்டம் பிறக்கும் முன்பே நம்முடையவை. அவற்றைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவ்வாறு தன் காலில் நிற்க முடியாத ஒரு விதியைத்தான் அராஜகவாதி நிறுத்தி வைத்து விசாரிக்கிறான்.

அதே 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள்தான் நம் மலேசியாவில் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. அதன் நான்காம் கோட்பாடு சட்டத்தைப் பற்றியது. ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பற்றியது. பள்ளிச் சபைகூடலில் மாணவர்களோடு சேர்ந்து அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்கிறேன்: சட்டத்தை மதிப்பதிலேயே ஒழுக்கம் முழுவதும் அடங்கிவிடும் என்று கருதியிருந்தால், ஐந்தாவது கோட்பாட்டுக்குத் தேவையே இருந்திருக்காது.

நாம் சம்மதித்துத்தான் ஆளப்படுகிறோம் என்பது பலரும் சொல்லும் விடை. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இதை விரித்துரைத்தார்: ஒரு நாட்டில் வாழ்ந்து, அதன் சாலையில் நடந்தாலே மௌனமாகச் சம்மதித்ததாகப் பொருள் என்றார். 1748-இல் ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் அதற்கு ஒரு மறுப்பு எழுதினார். வேற்று மொழியும் தெரியாமல், கையில் காசும் இல்லாமல் அன்றாடக் கூலியில் வாழும் ஏழை, நாட்டை விட்டுப் போகாததால் சம்மதித்துவிட்டான் என்பது, உறங்கும்போது கப்பலில் தூக்கிக் கிடத்தப்பட்ட ஒருவன் நடுக்கடலில் குதித்துச் சாகாமல் இருப்பதால் மாலுமியின் ஆட்சிக்கு ஒப்புக்கொண்டான் என்பதைப் போன்றது என்றார். ஹியூமுக்கு அது கற்பனைக் கப்பல். நமக்கோ அந்தக் கப்பலுக்கு எஸ்.எஸ். ரஜூலா என்று பெயர் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் பினாங்குத் துறைமுகத்தில் ஆள் இறக்கியது. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி ஏறியவர்களும் இருந்தார்கள், பஞ்சம் துரத்த ஏறியவர்களும் இருந்தார்கள். அவர்களில் யாரும் மலாயாவின் சட்டதிட்டங்களைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டு ஏறவில்லை.

இதிலும் வேடிக்கையான ஒரு பக்கம் இருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த நாட்டுக் குடிமகனாக என்னை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மனுவுக்கு மேல் மனு போட்டு, இன்னும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அட்டைகூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சம்மதம் தருகிறேன் என்று வரிசையில் நின்று கேட்டவர்களின் சம்மதத்தை ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. ஆயினும் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது, தவறினால் தண்டிக்கிறது. அப்படியென்றால் சட்டத்தின் பிடி சம்மதத்திலிருந்து வரவில்லை என்பது தெளிவு. இந்த ஓர் இடத்தில் அராஜகவாதிகளின் வாதத்துக்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

இக்கேள்வி மேலைநாட்டு இறக்குமதி என்று கட்டுரையாளர் கருதுவதாகத் தெரிகிறது. மன்னனே உலகுக்கு உயிர் என்று புறநானூற்றில் மோசிகீரனார் பாடினார் என்பது உண்மைதான். அதே தமிழில் வள்ளுவர்,

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு

என்றும் எழுதி வைத்தார். வழியில் வேலோடு நின்று கொடு என்று மிரட்டும் கள்வனையும், செங்கோலோடு நின்று பொருள் கேட்கும் அரசனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிற துணிவு சாதாரணமானதன்று. அமெரிக்க அராஜகவாதி லைசாண்டர் ஸ்பூனர் 1870-இல் இதே ஒப்பீட்டைச் செய்து, வழிப்பறிக்காரனாவது பறித்துக்கொண்டபின் நம்மை விட்டுவிட்டுப் போகிறான், உன்னைக் காப்பதற்காகவே பறித்தேன் என்று சொல்லிக்கொண்டு கூடவே நடந்து வருவதில்லை என்று மேலும் ஓர் அடி வைத்தார். இருவருக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். வள்ளுவர் அந்தக் குறளைக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார். அதற்கு முந்தைய அதிகாரம் செங்கோன்மை. நல்லாட்சி என்று ஒன்று உண்டு என்பது அவர் கொள்கை. ஸ்பூனருக்கு எல்லாக் கோலும் வேல்தான். நான் வள்ளுவர் பக்கம் நிற்கிறேன். ஆனால், கையில் இருப்பது கோலா வேலா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தறியும் கடமை குடிமக்களுக்கு இருக்கிறது என்பதில் இருவரும் உடன்படுவார்கள்.

நம்மவரிலேயே இக்கொள்கையை ஏற்று வாழ்ந்த ஒருவரை நாம் மறந்துவிட்டோம். சென்னையில் 1887-இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, புதுச்சேரியில் பாரதியாரோடு 'இந்தியா' இதழில் உழைத்தவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நாடு நாடாக அலைந்து, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அங்கேயும் அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிவதைக் கண்டு விலகி, பெர்லினில் அராஜகவாதிகளோடு சேர்ந்தார். அரசு வெள்ளைக்காரனுடையதாக இருந்தாலும், புரட்சிக்காரனுடையதாக இருந்தாலும் தன் மனச்சாட்சியை அதனிடம் அடகு வைக்க அவர் அணியமாக இல்லை. 1954-இல் பம்பாயில் வறுமையில் மறைந்தார். காந்தியடிகளும்கூட 1916 பிப்ரவரியில் காசியில் பேசியபோது, தானும் ஓர் அராஜகவாதியே, ஆனால் வேறு வகையைச் சேர்ந்தவன் என்று சொன்னார். அவருக்கு அந்த வேறு வகையைக் காட்டியவர்களில் ஒருவர் டால்ஸ்டாய். டால்ஸ்டாய் 1908-இல் இந்தியருக்கு எழுதிய மடலில் நம் திருக்குறளையும் எடுத்தாண்டிருக்கிறார் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

கடமையே இல்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நான் அறிந்த சிறந்த மறுப்பு ஒரு சாவு ஊர்வலத்தில் இருக்கிறது. ரஷ்ய இளவரசர் குலத்தில் பிறந்து, அதை உதறிவிட்டு அராஜகவாதத்தின் மூத்த சிந்தனையாளராக விளங்கிய பீட்டர் குரோபோட்கின் 1921 பிப்ரவரியில் காலமானார். புதிய சோவியத் அரசு அதற்குள் பல அராஜகவாதிகளைச் சிறையில் அடைத்திருந்தது. தங்கள் ஆசானின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள அவர்கள் அனுமதி கேட்டனர். திரும்பி வருவோம் என்று அவர்கள் கொடுத்த வாக்கை மட்டும் பிணையாகக் கொண்டு, அவர்களில் சிலரை அரசு ஒரு நாள் வெளியே விட்டது. மாஸ்கோவின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்த கூட்டத்தில் கலந்து மறைந்துவிட அவர்களுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. சிறை வைத்த அரசின் உரிமையை அவர்கள் ஒரு கணமும் ஏற்றவர்கள் அல்லர். ஆனாலும் பெட்டியைச் சுமந்தார்கள், கல்லறையருகே நின்றார்கள், பின்பு சிறைக்குத் திரும்பினார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியது எந்தச் சட்டம்? அவர்கள் வாயால் கொடுத்த வாக்கும், தாங்கள் திரும்பாவிட்டால் உள்ளே இருக்கும் தோழர்களுக்கு என்ன நேரும் என்ற எண்ணமும்தானே! அரசுக்குக் கடமைப்படாதவர்கள் மனிதருக்குக் கடமைப்பட்டிருந்தார்கள். நம்மில் எத்தனை பேர், சட்டத்தின் மேல் பெருமதிப்பு உள்ளவர்கள் உட்பட, அப்படித் திரும்பிப் போயிருப்போம் என்று எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இக்கொள்கையின் பெயரால் கொலைகள் நடந்தன. பிரான்சின் அதிபர் 1894-இலும், இத்தாலியின் மன்னர் 1900-இலும், அமெரிக்க அதிபர் 1901-இலும் அராஜகவாதிகள் எனப்பட்டோரின் கையால் மாண்டார்கள். கோலாலம்பூரிலேயே 1925-ஆம் ஆண்டு ஜனவரியில், சீனர் விவகாரங்களுக்கான காலனித்துவ அலுவலகத்தில், சீன அராஜகவாத வட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் கொண்டுவந்த குண்டு வெடித்து ஆங்கிலேய அதிகாரி காயமுற்றார். எந்த மனிதனும் இன்னொரு மனிதனை ஆளக் கூடாது என்று கூறும் ஒருவன், இன்னொருவன் உயிரோடு இருக்கலாமா கூடாதா என்பதைத் தான் ஒருவனாகவே முடிவு செய்தால், கொடுங்கோல் மன்னர்கள் கொண்டாடிய அதே அதிகாரத்தை அவன் கைப்பற்றிக்கொள்கிறான். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்ப்பு என்றால் குண்டு என்றோ, தலைநகரில் பேரணி என்றோ மட்டும் பொருள் கொள்வதும் தவறு. நம் ரப்பர்த் தோட்டப்புற வரலாறு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் அரசாங்கம் என்பது கோலாலம்பூரில் இருக்கவில்லை. தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்தது. அவருக்குக் கீழே கணக்கு எழுதும் கிராணி, அவருக்குக் கீழே கங்காணி. எவன் எப்போது எழுவது, எந்த லயத்து வரிசை வீட்டில் படுப்பது, என்ன கூலி என்பதெல்லாம் அங்கேதான் முடிவாயின. சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, மேலதிகாரியின் கண் முன்னே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. சைக்கிளை விட்டு இறங்குவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. எழுதாத ஆணை அது. அதற்குப் பணிந்துகொண்டே இருந்தவரை அது நிலைத்தது. போராட்டத்தை வழிநடத்திய ஆர்.எச். நாதன் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை வரவழைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அன்றைய சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் யார் என்பதில் ஐயமே இருக்கவில்லை. அறத்தின் கண்ணில்?

அராஜகவாதத்தை அனுதாபத்தோடு ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், பினாங்குப் பாலத்தைத் தாண்டிச் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கெடாவின் மூடா சமவெளியில்தான் தம் புகழ்பெற்ற ஆய்வைச் செய்தார். 1978 முதல் 1980 வரை ஒரு மலாய் நெல்வயல் கிராமத்தில் தங்கியிருந்தார். அறுவடை இயந்திரங்கள் வந்து கூலி வேலை பறிபோனபோது, அங்கே இருந்த ஏழைகள் கொடி பிடிக்கவில்லை. வேலையைத் தாமதப்படுத்தினார்கள், வெளியே தலையாட்டி உள்ளே செய்யாமல் விட்டார்கள், கஞ்சப் பணக்காரனின் பெயரைக் காப்பிக் கடையில் கிழித்தார்கள். வரலாற்றில் எளியவர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது என்றார் ஸ்காட்.

2007 நவம்பர் 25-ஆம் நாளை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. காவல் துறையின் உரிமம் மறுக்கப்பட்ட நிலையில், மலேசிய இந்தியரின் உரிமைக்குக் குரல் கொடுத்த இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூரில் கூடிய பல்லாயிரம் பேர் மீது கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. அதன் தலைவர்கள் ஐவர், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டனர். 1960-இல் பிறந்த அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த அமைதிப் பேரணிச் சட்டத்தில், உரிமம் பெற வேண்டும் என்ற விதி போய், முன்கூட்டியே அறிவித்தால் போதும் என்ற ஏற்பாடு வந்தது. இண்ட்ராப்பின் எல்லாக் கோரிக்கைகளையும் நான் ஏற்றவன் அல்லன். ஆனால், ஐந்தே ஆண்டுகளில் சட்டம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அன்று உரிமமின்றிக் கூடி நின்ற முதியவரின் செயலில் எந்த மாற்றமும் இல்லை. சட்டப்படி தவறாக இருந்தது அறப்படியும் தவறு என்றே அன்று கூறிவந்தவர்கள், 2012-க்குப் பிறகு என்ன கூறுவார்கள்?

அரசு இல்லாமல் மனிதர் சேர்ந்து இயங்க முடியுமா என்பதற்குக் குரோபோட்கின் 1902-இல் ஒரு நூலே எழுதினார். விலங்குகளிடமும் இடைக்கால நகரங்களிலும் இருந்த பரஸ்பர உதவியை எடுத்துக் காட்டினார். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், உதவி வேண்டுவோர் வீட்டில் வெள்ளைத் துணியைத் தொங்கவிடும் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியபோது, எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில், துணி காயப்போடும் கழியில் ஒரு தலையணை உறை தொங்கியது. வேலை இழந்த ஒரு லாரி ஓட்டுநரின் வீடு. பொழுது சாய்வதற்குள் அவர் வாசலில் அரிசி மூட்டை, ஒரு தட்டு முட்டை, சமையல் எண்ணெய், பிள்ளைகளுக்கு மைலோ எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று அழைப்பவர், சோறும் குழம்பும் பாத்திரத்தோடு வைத்துவிட்டுப் போனார். யாரும் விண்ணப்பப் படிவம் நிரப்பவில்லை, அடையாள அட்டை எண்ணைக் கேட்கவில்லை. கொடியை ஏற்றுவதற்குப் பதிலாகக் கைகளை ஏந்தி இறைவனிடம் கேளுங்கள் என்று ஓர் அரசியல்வாதி அந்நாளில் அறிவுரை சொன்னார் என்பதும் நினைவில் நிற்கிறது. அதே காலத்தில் வீட்டை விட்டு வெளியே போகாதே என்ற ஆணைக்கும் நான் பணிந்தே இருந்தேன். அபராதத்துக்கு அஞ்சியும் அன்று, ஆணை என்பதற்காகவும் அன்று. எதிர்வீட்டில் மூச்சுத் திணறலோடு ஒரு பாட்டி இருந்தார். உல்ஃபின் கொள்கை நடைமுறையில் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் ஏன் அராஜகவாதி அல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசு விலகிய இடத்தில் சுதந்திரம்தான் வந்து அமரும் என்பதற்கு உறுதி இல்லை. துரையும் வந்து அமரலாம். தோட்டங்கள் நமக்குக் கற்பித்த பாடம் அது. 2013-ஆம் ஆண்டு தீபகற்பத்தில் மாதத்துக்கு 900 ரிங்கிட் என்று குறைந்தபட்சச் சம்பளத்தை அரசு நிர்ணயித்தபோதுதான் பல தொழிலாளர்களுக்கு அந்தத் தொகை கிடைத்தது. முதலாளிகளின் மனச்சாட்சி அதைத் தரக் காத்திருக்கவில்லை. அரசு மட்டுமன்றி முதலாளியின் அதிகாரமும் ஒழிய வேண்டும் என்பதே தங்கள் கொள்கை என்று மற்றொரு ரஷ்ய அராஜகவாதியான பக்குனினும் குரோபோட்கினும் விடையளிப்பார்கள். அது நேர்மையான விடைதான். ஆனால், இரண்டும் ஒரே நாளில் ஒழியப் போவதில்லை. இடைப்பட்ட காலத்தில் எளியவனுக்குச் சட்டத்தைத் தவிர வேறு பற்றுக்கோடு இருக்காது. ஆகவே, சட்டம் தேவை என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்கிறேன். சட்டமாக இருப்பதாலேயே அது அறமாகிவிடும் என்று அவர் சொல்லும்போதுதான் எழுந்து நின்று மறுக்க வேண்டியிருக்கிறது.

நான் பணியாற்றிய காலத்தில், படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். நன்னெறித் தேர்வுக்கு முப்பத்தாறு பண்புகளையும் அவற்றின் விளக்கங்களையும் வரி பிறழாமல் மாணவர்கள் மனனம் செய்வார்கள். பேருந்தில் எனக்கு எழுந்து இடம் கொடுத்த மாணவனே, அன்பு என்ற பண்பின் விளக்கத்தில் ஒரு சொல் விட்டதால் மதிப்பெண் இழந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் சட்டத்தை மதிப்பது எப்படி என்று கற்பிக்க இடம் இருந்தது. சட்டமும் மனச்சாட்சியும் மோதும்போது என்ன செய்வது என்று விவாதிக்க நேரமே கிடைத்ததில்லை. தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, அந்தத் தொழிலாளர்கள் செய்தது சரியா என்று படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் எழுதிக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சரி என்பவர்களின் கடிதங்களையும் தவறு என்பவர்களின் கடிதங்களையும் வெட்டாமல் வெளியிடுங்கள். ஞாயிறு கட்டுரையாளரும் அதில் கலந்துகொண்டால் மகிழ்ச்சி.

நன்றி.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நன்னெறிக் கல்வி ஆசிரியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.